வெள்ளி மெருகும் உவர்க்காற்றும்

குறிகட்டுவான் இறங்குதுறையின் ஓரத்திலே கிடக்கும் ஓர் இரும்புத் துண்டை ஒரு சோளகக் காலம் முழுவதும் கவனித்து வருபவருக்கு உவர்க்காற்றின் வலிமையைப் பற்றி வேறெவரும் பாடஞ் சொல்ல வேண்டியதில்லை. முதலில் அதன் நிறம் மங்கும். பின்னர்ச் செம்மண்ணைத் தூவியது போலத் துரு படரும். அதன் பின்னர் விரல் பட்ட இடமெல்லாம் செதிள் செதிளாக உதிரும். ஊர்காவற்றுறை, நயினாதீவு, நெடுந்தீவு முதலிய தீவுகளில் வாழ்வோர் இதனை மிதிவண்டிச் சங்கிலியிலும் யன்னற் கம்பியிலும் கதவின் பிணைச்சலிலும் நாள்தோறும் காண்கின்றனர். உலோகமே நில்லாத அவ்விடத்திலே, காகிதக் குழாயையும் மரத்துண்டையும் கொண்டு ஒரு மாணவன் மாதிரி றொக்கற் ஒன்றைச் செய்து, அதற்கு வெள்ளியை வார்த்தது போன்ற மேனியைக் கொடுக்க விரும்புகிறான் என்று கொள்ளலாம். பாடசாலைக் கண்காட்சிக்கு இன்னும் மூன்று கிழமைகளே உள்ளன. கையில் இருப்பது ஒரேயொரு கலன் வெள்ளிப் பூச்சு; அது முடிந்தால் இன்னொன்று வாங்க யாழ்ப்பாணப் பட்டினம் வரை செல்ல வேண்டும். அவன் செய்யவேண்டியது யாது, செய்யக் கூடாதது யாது என்பதை விளக்குவதே இவ்வுரையின் நோக்கமாகும்.

மாதிரி றொக்கற் செய்யும் கலை மிகப் பழையதன்று. 1957ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதம் 4ஆந் தேதி சோவியத் நாட்டின் ஸ்புட்னிக் வானிலே ஏறிய பின்னர், உலகெங்கும் இளைஞர் பலர் தாமே றொக்கற் செய்யப் புகுந்தனர். அவர்களிற் பலர் இரும்புக் குழாய்களில் எரிமருந்தை அடைத்துக் கையையும் கண்ணையும் இழந்தனர். அந்த ஆபத்தைத் தவிர்க்கும் வழியை அமெரிக்க நாட்டிலே நெப்ராஸ்கா மாநிலத்தில் பாதரட்சைக் கடை நடத்திய ஓர்வில் கார்லைல் என்பாரும், ஹரி ஸ்ரைன் என்னும் பொறியியலாளரும் வகுத்தனர். உடல் காகிதம், சிறகுகள் மெல்லிய மரம், உலோகம் எங்குமே இல்லை. இவ்விதியே இன்றுவரை மாதிரி றொக்கற்றின் முதல் விதியாக நிற்கிறது. ஆகவே, மாதிரி றொக்கற்றின் உலோகத் தோற்றம் முழுவதும் பூச்சினால் வருவதேயன்றி உலோகத்தால் வருவதன்று. எரிமருந்தைக் கையாளுவது வெடிபொருட் சட்டத்துக்கு உட்பட்டதாகையால், இங்கே பேசப்படுவது கண்காட்சி மேசையில் நிற்கும் மாதிரியைப் பற்றி மட்டுமே என்பதையும் இவ்விடத்திற் குறித்துக்கொள்ளல் நன்று.

உண்மையான றொக்கற்றுக்கள் சிலவற்றுக்கு அந்த வெள்ளித் தோற்றம் இயல்பாகவே வாய்த்திருந்தது. 1962ஆம் ஆண்டு பெப்ரவரி 20ஆந் தேதி ஜோன் கிளென் என்னும் விண்வெளி வீரரைச் சுமந்து சென்ற அற்லஸ் றொக்கற்றின் உடல் துருவேறா உருக்கினால் ஆனது. எடையைக் குறைக்கும் பொருட்டு அதன் சுவர் மிக மெல்லியதாக அமைக்கப்பட்டமையால், உள்ளே அமுக்கம் இல்லாவிடில் அது தன் எடையையே தாங்காது மடிந்துவிடும். பூச்சும் ஓர் எடைதானே! அதனால் அவ்வுருக்கு மேனி பெரும்பாலும் பூச்சின்றியே பளபளத்தது. ஆயினும், துருவேறாதது என்று பெயர் பெற்ற அவ்வுலோகத்தையும் ஈரமும் உப்பும் விட்டு வைக்கவில்லை. அற்லஸின் மேனியை ஈரத்திலிருந்து காப்பதற்காக 1953ஆம் ஆண்டு கலிபோர்னியாவிலே ஒரு சிறு கம்பனியார் நீரை விலக்கும் எண்ணெய்க் கலவை ஒன்றைத் தேடினர். முப்பத்தொன்பது கலவைகள் தோற்று, நாற்பதாவதே வென்றது. இன்று யாழ்ப்பாணத்து மிதிவண்டிக் கடைகளிலும் கிடைக்கும் டபிள்யூ டி 40 என்னும் எண்ணெயின் பெயரிலுள்ள நாற்பது அந்த நாற்பதேயாகும். வானத்துக்கு ஏவப்பட்ட கருவிக்கும் நயினாதீவுப் படகுக்காரரின் துருப்பிடித்த திருகாணிக்கும் பகை ஒன்றே.

இனி, வெள்ளிப் பூச்சு என்பது யாது என நோக்குதல் வேண்டும். சாதாரணத் தீந்தையிலே நிறத்தைத் தருவது உருண்டையும் கோணலுமான நுண்டூள். அதன்மேல் விழும் ஒளி எல்லாத் திசைகளிலும் சிதறுகிறது. எனவே அது எப்பக்கத்திலிருந்து பார்த்தாலும் ஏறக்குறைய ஒரே நிறமாகத் தோன்றும். உலோகப் பூச்சில் இருப்பவை தூள் அல்ல, தகடுகள். அலுமினியத்தை எண்ணெய்த் தன்மையுள்ள திரவத்திலிட்டு, உருக்குக் குண்டுகள் உருளும் ஆலையில் நெடுநேரம் அரைக்கும்போது அது பொடியாவதற்குப் பதிலாகத் தட்டையாகிறது. ஒவ்வொரு தகடும் ஒரு மைக்கிரோனுக்கும் குறைந்த தடிப்பும், அதனைப் போலப் பத்து மடங்கு, இருபது மடங்கு அகலமும் உடையது. மைக்கிரோன் என்பது ஒரு மில்லிமீற்றரை ஆயிரம் பங்காக்கிய ஒரு பங்கு. மீன் செதிள்கள் மீனின் உடலில் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருப்பது போல இத்தகடுகள் பரப்பின்மேற் படிந்து கிடந்தால், ஒளி ஒரே திசையிலே தெறிக்கும். பார்ப்பவர் கண்ணுக்கு அது உலோகமாகத் தோன்றும். தகடுகள் குறுக்கும் மறுக்குமாக நின்றாலோ ஒளி சிதறிச் சாம்பல் பூசியது போலாகிவிடும். கடையிலே வாங்கிய பூச்சு ஒன்றே. ஒருவர் கையில் வெள்ளியாவதும் இன்னொருவர் கையிற் சாம்பலாவதும் தகடுகள் படுக்கின்றனவா நிற்கின்றனவா என்பதைப் பொறுத்தது. இவ்வுரையில் மேலும் வருவன யாவும் இந்த ஓர் உண்மையின் விரிவே எனலாம்.

இத்தகைய தகட்டுத் தூள் ஒரு காலத்தில் எவ்வளவு அருமையாக இருந்தது என்பதற்கு ஒரு கதையுண்டு. உருக்குத் தொழிலைப் புரட்டிவைத்த ஹென்றி பெசமர், 1840ஆம் ஆண்டை அடுத்த காலத்திலே, தம் சகோதரியின் ஓவியத் தொகுப்பேட்டின் மேலுறையிற் பொன்னெழுத்து எழுதுவதற்காகப் பொற்றூள் வாங்கச் சென்றார். அது பொன் அன்று. செம்பும் நாகமும் கலந்த பித்தளையின் தூளே. ஆனால் ஓர் அவுன்ஸ் ஏழு ஷில்லிங் விலையென்று கேட்டுத் திகைத்தார். ஜெர்மனியின் நூரம்பேர்க் நகரத்தார் அதனைக் கையாலே அடித்துச் செய்து வந்தமையே அவ்விலைக்குக் காரணம். பெசமர் அதற்கோர் இயந்திரத்தை அமைத்து, உரிமைப் பத்திரம் பெற்றால் இரகசியம் வெளியாகிவிடும் என அஞ்சி, மைத்துனர்மாரை மட்டுமே நம்பித் தொழிற்சாலையை நடத்தினார். அந்தப் பொற்றூளில் வந்த செல்வமே பின்னர் அவருடைய உருக்குப் பரிசோதனைகளுக்கு முதலாயிற்று. சித்திரக்காரியான ஒரு சகோதரியின் ஏட்டிலிருந்து உலகத்து இருப்புப் பாதைகள் வரை ஒரு நூல் ஓடுகிறது!

பித்தளைத் தூள் பொன்னிறம் தரும். ஆனால் கடற்காற்றிலே அதன் செம்பு கறுத்துப் பச்சை பூக்கும். அலுமினியம் அவ்வாறன்று. காற்றுப் பட்டவுடன் ஒட்சிசனோடு கூடித் தன்மேல் நிறமற்ற மெல்லிய படலம் ஒன்றைப் போர்த்திக்கொள்ளும் இயல்புடையது. ஆகவே தீவகத்துக்குப் பொன்னிலும் வெள்ளி ஏற்றது. உண்மைப் பொன்னுக்கோ இக்கவலை ஒன்றுமில்லை. கோயில் வாகனங்களுக்கு ஒட்டப்படும் தங்க ரேக்கு ஒரு மைக்கிரோனிற் பத்திலொரு பங்கு அளவே தடித்ததாயினும், உப்புக்கும் அசையாது, ஈரத்துக்கும் அசையாது. ஆனால் அதன் விலை மாணவனுக்கு எட்டுவதன்று.

கோயில் வாகனத்தைக் குறிப்பிட்டதற்கு வேறோர் ஏதுவும் உண்டு. நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலில் ஆனி மாதத்து மகோற்சவத்தைக் கண்டவர்கள், தீவட்டி வெளிச்சத்திலே வாகனங்கள் மின்னும் காட்சியை அறிவர். அவ்வகை வாகனங்களைச் செய்யும் ஆசாரிமார் பூச்சைப் பற்றிக் கவலைப்படும் நேரத்திலும் பன்மடங்கு நேரத்தைப் பூச்சுக்கு முன்னுள்ள வேலையிற் செலவிடுவர். மரத்தின் துளைகளை அடைத்து, காயவிட்டு, தேய்த்து, மறுபடியும் அடைத்து, மறுபடியும் தேய்த்து, கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையாலே தடவிப் பார்ப்பர். கண்ணுக்குத் தெரியாத மேடு கைக்குத் தெரியும். கைக்குத் தெரியாத கீறல் வெள்ளிக்குத் தெரியும். வெள்ளைச் சுண்ணாம்பு பூசிய சுவரிலே மறைந்துபோகும் பிழை, கண்ணாடி போன்ற பரப்பிலே பத்து மடங்காகக் காட்டும். மெல்லிய அலுமினியத் தகடுகள் கீறலின் சரிவிலே சாய்ந்து படுப்பதால், அவ்விடத்தில் ஒளி வேறு திசையிலே தெறித்து, கீறல் ஒரு கோடாக எழுந்து நிற்கிறது. எனவே, உலோகப் பூச்சு குறையை மறைக்கும் என்று எண்ணுதல் பெரும் பிழை; அது குறையை விளம்பரப்படுத்தும்.

மாதிரி றொக்கற்றின் குழாய், காகித நாடாவைச் சுருட்டி ஒட்டியதாகையால் அதன்மேற் புரியாகச் சுற்றிச் செல்லும் ஒரு பள்ளம் இருக்கும். சிறகுகள் முள்முருக்குப் போன்ற இலேசான மரத்தாலோ தடித்த அட்டையாலோ அமைந்திருக்கும். மரமாயின் அதன் நார்க்கோடுகளும், அட்டையாயின் அதன் வெட்டு விளிம்பும் நீரை உறிஞ்சித் தடிக்கும். இவையனைத்தையும் முதலில் மக்கு இட்டு அடைத்தல் வேண்டும். மரத்துக்குரிய மக்கைச் சிறிது நீர் விட்டுத் தயிர்ப் பதமாக்கி, தூரிகையால் இரண்டு முறை பூசி, ஒவ்வொரு முறையும் முற்றாகக் காயவிட்டு, அரத்தாளாலே தேய்க்க வேண்டும். அரத்தாளை ஒரு சிறு மரக்கட்டையிற் சுற்றிக்கொண்டு தேய்ப்பதே முறை. வெறும் விரலால் அழுத்தினால் விரல் பட்ட இடம் பள்ளமாகும். அரத்தாளின் பின்புறத்தில் அச்சிட்டிருக்கும் எண் பெரிதாகப் பெரிதாக அதன் மணல் நுண்ணியதாகும். 220 இல் தொடங்கி, 320, 400 என ஏறுதல் வேண்டும். படியைத் தாண்டிப் பாய்தல் கூடாது. 220 போட்ட கீறலை 600 அழிக்காது, அதனை மெருகூட்டிக் காட்டும். அவசரக்காரர் தடுக்கி விழும் இடம் இதுவே.

மக்குக் காய்ந்த பின்னர் வருவது அடிப்பூச்சு. சாம்பல் நிறமான அடிப்பூச்சே நல்லது. ஏனெனில் அதன்மேல் மறைந்திருக்கும் கீறல்கள் கண்ணுக்குப் புலப்படும். இரண்டு மெல்லிய கைகள் பூசி, ஒரு நாள் விட்டு, 600 ஆம் எண் நீர் அரத்தாளை நீரில் நனைத்து மெதுவாகத் தேய்த்தால் பரப்பு முட்டையோட்டைப் போலாகும். காகிதம் வெளித்தெரியும் வரை தேய்த்துவிட்டால், நீர் உட்புகுந்து குழாய் பொருமிவிடும். அப்பொழுது முதலிலிருந்து தொடங்குவதன்றி வேறு வழியில்லை.

இங்கேதான் தீவகத்துக்கே உரிய ஓர் இடர் குறுக்கிடுகிறது. நனைத்துத் தேய்ப்பதற்கும் கழுவுவதற்கும் எடுக்கும் நீர் எது? நெடுந்தீவிலே எல்லாக் கிணறும் நன்னீர்க் கிணறு அன்று. பல கிணறுகளின் நீர் உவர்ப்பானது. உவர்நீராலே கழுவிய பரப்பு காய்ந்ததும் அதன்மேற் கண்ணுக்குத் தெரியாத உப்புப் படலம் தங்கும். கறியுப்பு ஒரு விந்தையான பொருள். காற்றின் ஈரப்பதன் நூற்றுக்கு எழுபத்தைந்துக்குக் கீழே இருக்கும்வரை அது உலர்ந்த படிகமாகக் கிடக்கும்; அவ்வெல்லையைத் தாண்டியதும் காற்றிலுள்ள நீரைத் தானே இழுத்துக் கரைந்துவிடும். கடலுப்பில் மகனீசியம் குளோரைட்டும் கலந்திருப்பதால், அது அதற்கும் முன்னரே கசியத் தொடங்கும். சமையலறையில் உப்புச் சாடி இரவிலே கசிவதைக் காணாதார் தீவகத்தில் இல்லை. அவ்வாறே பூச்சுக்கு அடியிற் சிக்கிய உப்பும் இரவுதோறும் நீரை இழுக்கும். தீந்தையின் படலம் நீரை முற்றாகத் தடுக்கும் சுவரன்று. நீராவி அதனூடே மெல்ல மெல்ல ஊடுருவும். உட்சென்ற நீர் உப்போடு கலந்து, இன்னும் நீரை அழைத்து, ஈற்றிலே படலத்தைத் தூக்கிக் கொப்புளமாக்கும். கண்காட்சிக்கு முதல் நாள் றொக்கற்றின் மேனியிலே அம்மை போட்டது போலத் தோன்றுவதற்குக் காரணம் பூச்சின் குற்றமன்று. கழுவிய நீரின் குற்றமாகும்.

ஆகையாற் குடிநீரில் ஒரு செம்பை இதற்கென ஒதுக்குதல் வேண்டும். குடிநீர் அருமையான ஊரிலே இதனை வீண்செலவு என்று வீட்டார் எண்ணக்கூடும். அவர்கள் எண்ணுவதிலும் நியாயம் உண்டு. ஐப்பசி, கார்த்திகை மழையிலே கூரையிலிருந்து பிடித்து வைத்த நீர் இருப்பின் அதுவே மிகச் சிறந்தது. மழைநீரில் உப்பு மிகக் குறைவு. நனைந்த பழந்துணியால் இரண்டு முறை துடைத்தெடுத்தாலும் போதும்; ஊற்றிக் கழுவவேண்டும் என்பதில்லை. துடைத்த பின்னர் வெறுங்கையால் தொடலாகாது. விரலில் உப்பும் எண்ணெயும் இருக்கின்றன. இயந்திரம் பொருந்தும் பின்துளையிலே ஒரு நீண்ட தடியைச் செருகி, அத்தடியைப் பிடித்தே இனி எல்லா வேலையையும் செய்தல் வேண்டும்.

வெள்ளிக்கு அடியில் எந்த நிறம் இருக்கவேண்டும் என்பது அடுத்த வினா. அடிப்பூச்சின் சாம்பல் மேலேயே வெள்ளியைத் தெளித்தால், பழைய விமானத்தின் அலுமினியத் தகட்டைப் போன்ற அடக்கமான ஒளி கிடைக்கும். கண்ணாடி போன்ற பளபளப்பு வேண்டுமாயின், இடையிலே மினுக்கமுள்ள கரும்பூச்சு ஒன்று அவசியம். வெள்ளியின் கீழே கறுப்பா என்று வியத்தல் வேண்டா. தகடுகளின் இடைவெளியாற் புகுந்த ஒளியைக் கறுப்பு விழுங்கிவிடும். தகடுகளிற் பட்டுத் தெறித்த ஒளி மட்டும் கண்ணை அடையும். முகக்கண்ணாடியின் பின்புறமும் இருளாகத்தானே இருக்கிறது. அக்கரும்பூச்சு இரண்டு நாளேனும் நன்றாக இறுகிய பின்னரே வெள்ளி ஏறவேண்டும். இல்லையேல் வெள்ளிப் பூச்சின் கரைதிரவம் கறுப்பை இளக்கி, தகடுகள் அதிலே அமிழ்ந்து ஈயம் போன்ற நிறமாகிவிடும்.

இனித் தெளிக்கும் வேளை. தீவகத்து மக்கள் காற்றைப் பெயர் சொல்லி அழைப்பவர்கள். சோளகம், கச்சான், வாடை, கொண்டல் என ஒவ்வொன்றின் குணத்தையும் அறிந்தவர்கள். அந்த அறிவு இங்கே பயன்படும். வைகாசி முதல் ஆவணி வரை வீசும் சோளகத்திலே வெளியில் நின்று தெளித்தல் பயனற்றது. பூச்சின் பாதி கடலுக்குப் போகும். மீதியில் மணலும் உப்புத் திவலையும் ஒட்டும். மாரியிலோ காற்றே நீராக இருக்கும். மழை விட்டபின் வரும் தை முதல் பங்குனி வரையான மாதங்களே ஏற்றவை; அவற்றிலும் அதிகாலை ஆகாது. தை, மாசிப் பனி முற்றாக உலர்ந்து, கடற்காற்று இன்னும் எழாத காலைப்பொழுதே நல்ல முகூர்த்தம். வேறு மாதத்திற் செய்ய நேர்ந்தால், காற்றுக்கு மறைவாகக் கிடுகு வேலியின் உட்புறத்திலோ, இரண்டு பக்கம் திறந்த தாழ்வாரத்திலோ நின்று செய்யலாம். கதவடைத்த அறைக்குள் தெளித்தல் தகாது. கரைதிரவத்தின் ஆவி தலையைச் சுற்றச் செய்யும், எளிதில் தீப்பற்றவும் செய்யும். அடுப்பும் விளக்கும் அருகில் இருத்தல் கூடாது. வாயையும் மூக்கையும் மூடும் கவசம் இன்றித் தொடங்குவது அறியாமை.

ஈரப்பதனைப் பற்றி ஏன் இவ்வளவு அச்சம் என்றால், பூச்சிலுள்ள கரைதிரவம் ஆவியாகும்போது பரப்பின் வெப்பத்தையும் எடுத்துக்கொண்டு போகிறது. உடம்பில் வியர்வை காயும்போது குளிர்வது போலப் பரப்பும் குளிர்கிறது. அக்குளிர்ச்சி பனிபடுநிலைக்குக் கீழே இறங்கினால், காற்றிலுள்ள நீராவி ஈரப்பூச்சின்மேற் படிந்து பால் சிந்தியது போன்ற வெண்மூட்டத்தை உண்டாக்கும். வெள்ளிக்கு அதைவிடப் பெரிய கேடு இல்லை. பூசவேண்டிய பொருள் பனிபடுநிலையிலும் குறைந்தது மூன்று பாகை செல்சியசு கூடிய வெப்பத்தில் இருக்கவேண்டும் என்பது கப்பல்களுக்கும் பாலங்களுக்கும் தீந்தை பூசுவோர் வகுத்த விதி. கருவி இல்லாத மாணவன் ஒரு தகரக் குவளையில் குளிர்ந்த நீரை ஊற்றிப் பார்க்கலாம். சிறிதே குளிர்ந்த நீருக்கும் குவளையின் வெளிப்புறம் உடனே வியர்க்குமாயின், அன்றைக்குப் பூச்சைத் தொடாமல் விடுவதே அறிவு.

கலனை நன்றாகக் குலுக்குதல் வேண்டும். உள்ளேயுள்ள குண்டு கலகலவென ஒலிக்கத் தொடங்கிய பின்னும் இரண்டு நிமிடம் குலுக்கவேண்டும்; ஏனெனில் தகடுகள் அடியிற் சேறு போலப் படிந்திருக்கும். இளஞ்சூட்டு நீரிலே கலனைச் சிறிது நேரம் நிறுத்தினால் திவலைகள் நுண்ணியவாக வரும். ஆனால் அடுப்பின் அருகே வைத்தாலோ ஐம்பது பாகையை மிஞ்சிய வெப்பத்திற் பட்டாலோ கலன் வெடிக்கக்கூடும். றொக்கற்றிலிருந்து ஏறக்குறைய ஒரு சாண் தூரத்தில் கலனைப் பிடித்து, பொருளுக்கு வெளியே தொடங்கி, பொருளைக் கடந்து வெளியே முடித்தல் வேண்டும். பொருளின்மேலேயே தொடங்கி முடிப்பவர் இரு முனையிலும் துளித் திட்டுக்களைக் காண்பர். முதற்கை பரப்பை முற்றாக மூடவேண்டியதில்லை. மூடுபனி போலப் படிந்தாற் போதும். பத்து நிமிடம் விட்டு இரண்டாங் கை, பின்னர் மூன்றாங் கை. தடியை மெல்லச் சுழற்றிக்கொண்டே தெளித்தல் நலம்.

ஒரே கையில் முடித்துவிட எண்ணித் தடிப்பாகத் தெளித்தால், ஈரப்படலத்தினுள்ளே தகடுகள் மிதந்து நீந்தத் தொடங்கும். ஓரிடத்திற் கூடும், ஓரிடத்திற் கலையும். காய்ந்ததும் மேகம் படிந்த வானம் போலத் திட்டுத் திட்டாக இருக்கும். அதற்கு மாறாக, தூரத்தில் நின்று தெளித்தால் திவலைகள் வழியிலேயே காய்ந்து, தகடுகள் நின்றபடியே ஒட்டி, தொட்டால் மணலைத் தொட்டது போலிருக்கும். இரண்டுக்கும் நடுவே உள்ள பதத்தை எழுத்தாற் கற்பித்தல் இயலாது. பாற்பேணி ஒன்றை எடுத்து, அதன்மேல் இரண்டு மூன்று முறை பழகிப் பார்த்த பின்னரே றொக்கற்றிற் கைவைத்தல் வேண்டும். ஒரே கலன் வைத்திருக்கும் மாணவன் அதிற் காற்பங்கைப் பேணிக்குச் செலவிட மனமின்றி நேரே றொக்கற்றில் தொடங்குவதுண்டு. அச்சிக்கனம் பெரும்பாலும் முழுக் கலனையும் விழுங்கிவிடும்.

வெள்ளி ஏறிய பின்னர் மிகக் கடினமான முடிவு ஒன்று எஞ்சுகிறது. அதன்மேல் நிறமற்ற வார்னிஷைப் பூசுவதா, விடுவதா? பூசினால் பளபளப்புக் குறையும். மேற்பரப்பிலே மிதந்து படுக்கும் தகடுகளைக் கொண்ட மிகு மினுக்கப் பூச்சுக்களில் அக்குறைவு மிகுதி. கண்ணாடி போலிருந்தது ஈயப் பாத்திரம் போலாகிவிடுவதும் உண்டு. பூசாவிட்டாலோ தகடுகள் காற்றுக்கு வெறுமேனியாக நிற்கும். அலுமினியத்தின் காப்புப் படலம் வல்லதேயாயினும், உப்பிலுள்ள குளோரைட்டு அதனைத் துளைக்கும். பவளக்கல்லாலும் சுண்ணாம்பாலும் ஆன நெடுந்தீவு மதில்களின் சுண்ணத் தூசி ஈரத்தோடு சேர்ந்து படிந்தாலும் அதே கதிதான். காரம் அலுமினியத்தைத் தின்று ஐதரசன் வாயுவை வெளிவிடும். உள்நாட்டு நூல்கள் எவையாயினும் பிறநாட்டு நூல்கள் எவையாயினும், வார்னிஷ் வேண்டாம் என்று கூறுவன உவர்க்காற்றை எண்ணி எழுதப்பட்டவை அல்ல. கண்காட்சி ஒரே நாள், அதன்பின் றொக்கற் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் என்றால் வார்னிஷ் இன்றி விடலாம். வீட்டு மேசையிலே ஆண்டுக்கணக்கில் நிற்கவேண்டுமாயின், ஒளியிற் சிறிது போனாலும் மெல்லிய வார்னிஷ் ஒரு கை இருப்பதே தீவகத்துக்குத் தக்கது. அதனைப் பேணியிற் பூசிய வெள்ளியின்மேல் முதலிற் சோதித்தல் வேண்டும். வெள்ளிக்கும் வார்னிஷுக்கும் ஒவ்வாமை நேர்ந்தாற் பரப்பு முழுவதும் சுருங்கிவிடும்.

சிறகுகளுக்கு வேறு நிறமும், உடலிலே எழுத்தும் வேண்டுமாயின், கூடியவரையில் அவற்றை வெள்ளியின்மேல் ஒட்டுநாடா ஒட்டிச் செய்யாதிருத்தல் நன்று. தகட்டுப் பூச்சின் பிடிப்பு மென்மையானது. நாடாவை உரிக்கும்போது வெள்ளியும் கூடவே வரும். பிற நிறங்களை முன்னரே பூசி, அவற்றை மறைத்துவிட்டு ஈற்றில் வெள்ளியைத் தெளிப்பதே சுருக்கமான வழி.

பூச்சின் எடையையும் ஒரு சொல்லிற் கூறலாம். மூன்று சென்ரிமீற்றர் விட்டமும் அரை மீற்றர் நீளமும் உள்ள மாதிரியிலே, எல்லாப் பூச்சும் சேர்ந்து மயிரிழையளவு, அதாவது ஒரு மில்லிமீற்றரில் இருபதில் ஒரு பங்கு தடித்தால், ஏறக்குறைய நான்கு கிராம் ஏறும். மேசையில் நிற்பதற்கு இது ஒரு பொருட்டன்று. ஆனால் பெரிய றொக்கற்றுக்களில் அது பெரும் பொருட்டாகும். அமெரிக்க விண்வெளி ஓடத்தின் பெரிய எரிபொருட் கலத்துக்கு 1981ஆம் ஆண்டின் முதலிரு பயணங்களிலும் வெள்ளைத் தீந்தை பூசியிருந்தனர். மூன்றாம் பயணந் தொட்டு அதனைப் பூசாது விட்டதனால் ஏறக்குறைய 270 கிலோகிராம் எடை மிச்சமாயிற்று. அக்கலம் செம்மஞ்சள் நிறமாக இருந்ததற்கு அழகு காரணமன்று. அது பூச்சின்றி நின்ற நுரைக் காப்பின் நிறமே.

வேலை முடிந்தது; இனிப் பயணம். நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்குப் படகிலே ஏறக்குறைய ஒரு மணி நேரம்; அங்கிருந்து புங்குடுதீவு, வேலணை வழியாகப் பண்ணைத் தாம்போதியைக் கடந்து யாழ்ப்பாணம். வெள்ளி தொடுவதற்குக் காய்ந்திருந்தாலும் உள்ளே இறுகுவதற்கு ஒரு கிழமையேனும் வேண்டும். அதற்கு முன் புதினத்தாளிற் சுற்றினால் எழுத்துக்கள் பூச்சிலே பதிந்துவிடும். பொலித்தீன் பையிற் கட்டினால் உள்ளே எஞ்சிய கரைதிரவம் வெளியேற வழியின்றிப் பூச்சை மறுபடியும் இளக்கும். பலமுறை தோய்த்து மென்மையான பழைய வேட்டித் துண்டிலே தளர்வாகச் சுற்றி, அட்டைப் பெட்டியில் தடியோடு நிமிர்த்தி நிறுத்தி, படகின் உட்புறத்திலே வைத்துக்கொள்ளல் வேண்டும். சோளகக் காலமாயின் அலைத் திவலை எப்படியும் உள்ளே தெறிக்கும். கரையிலே இறங்கியதும், காய்வதற்கு முன்னரே, நன்னீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒரு முறை ஒற்றியெடுத்தல் வேண்டும், தேய்க்கலாகாது. அதற்காகச் சிறு போத்தல் ஒன்றிலே வீட்டிலிருந்து மழைநீர் கொண்டுபோவது நல்லது.